வானிலை சொன்னவர்கள் எழுதிய நூல்கள்

ஊடகங்களில் வெளியாகும் செய்திகளிலேயே மிகக் குறைந்த ஆயுள் கொண்டது வானிலை அறிக்கை. இன்று மாலை சொல்லப்படும் முன்னறிவிப்பு நாளை மாலைக்குள் பலித்துவிடும் அல்லது பொய்த்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் அதைத் திரும்பக் கேட்க எவருக்கும் தேவை இருப்பதில்லை. நூலோ, எழுதியவர் மறைந்த பிறகும் படிக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்படுவது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வானிலை சொல்வதையே தொழிலாகக் கொண்ட பலர் இந்த இடைவெளியைக் கடந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் நூலாசிரியர்களாகவும் பெயர் பெற்றிருக்கிறார்கள். திரையில் பார்த்துப் பழகிய முகம் என்பதற்காக ஒரு நூல் வாங்கப்படுவது உண்டு. ஆனால் அறிக்கையில் சொல்ல இடமில்லாமல் போன செய்தியை, அதாவது காரணத்தை, வரலாற்றை, சொந்தப் பிழையை, எழுத எடுத்துக்கொண்டவர்களின் நூல்களே காலம் கடந்து பயன்படுகின்றன.

முன்னறிவிப்பு என்ற பணியைத் தொடங்கி வைத்தவரே ஒரு நூலாசிரியர்தான். சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1854-இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய வானிலைத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையருகே புயலில் சிக்கி உடைந்து, சுமார் 450 பேர் இறந்தனர். கரையோர ஊர்களிலிருந்து காற்றின் திசையையும் காற்றழுத்தத்தையும் தந்தி வழியாக உடனுக்குடன் திரட்டினால் இத்தகைய புயல்களை முன்கூட்டியே அறிவிக்க முடியும் என்று வாதிட்ட ஃபிட்ஸ்ராய், அதற்கான ஏற்பாட்டையும் தாமே செய்து முடித்தார். 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளியான அவருடைய குறிப்பே பொதுமக்களுக்காக அச்சிடப்பட்ட முதல் வானிலை முன்னறிவிப்பாகக் கருதப்படுகிறது. தாம் சொல்வது ஆரூடம் அன்று, அளவீடுகளிலிருந்து கணித்துச் சொல்லும் கருத்து மட்டுமே என்று காட்டுவதற்காக, 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை இந்தப் பொருளில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

நாளிதழில் கிடைத்த ஓரிரு வரிகளில் கணிப்பைச் சொல்ல முடிந்ததே தவிர, அந்தக் கணிப்புக்கு வந்த வழியைச் சொல்ல முடியவில்லை. அதற்காகவே 1863-இல் 'தி வெதர் புக்' என்ற நூலை அவர் வெளியிட்டார். கணிப்பு தவறிய நாட்களில் எழுந்த ஏளனமும் அறிஞர்கள் சிலரின் எதிர்ப்பும் கடன் சுமையும் உடல்நலக் குறைவும் சேர்ந்து அழுத்த, 1865-இல் ஃபிட்ஸ்ராய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டே பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு நிறுத்தப்பட்டு, அது மீண்டும் தொடங்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பணி நின்றுபோன அந்தக் காலத்திலும் அவருடைய முறை அழியாமல் இருந்ததற்கு, அது நூலாக அச்சேறியிருந்தது ஒரு முக்கியக் காரணம்.

வானொலி வந்தபோது இந்தப் பணிக்குக் குரல் கிடைத்தது. பிபிசி 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியபோதே வானிலைக் குறிப்பும் அதில் இடம்பெற்றது. 1954 ஜனவரி 11 அன்று ஜார்ஜ் கௌலிங் என்ற வானிலை அலுவலர் தொலைக்காட்சியில் தோன்றி, படத்தின் முன்னால் நின்று வானிலையை விளக்கினார். அன்று முதல் வானிலை சொல்பவர் வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதராக மாறினார். நூல் எழுதுவதற்கு இந்தத் தொழில் எந்த அளவுக்கு உதவுகிறது, எந்த அளவுக்குத் தடையாகிறது என்பதை அறிய, அந்த ஒளிப்பதிவுக் கூடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வானிலை அறிவிப்பாளரின் பின்னால் நாம் காணும் வரைபடம் பல கூடங்களில் உண்மையில் அங்கே இருப்பதில்லை. இருப்பது வெறும் பச்சை நிறச் சுவர் மட்டுமே. கணினி அந்தப் பச்சையை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வரைபடத்தைப் பொருத்துகிறது. அறிவிப்பாளர் பக்கவாட்டில் வைக்கப்பட்டிருக்கும் திரையில் தம்மையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தபடி, எதுவுமே இல்லாத சுவரில் சரியான ஊரை நோக்கிக் கை நீட்ட வேண்டும். செய்தி வாசிப்பவருக்கு எதிரே ஓடும் எழுத்து இவருக்குப் பெரும்பாலும் கிடையாது. கையிலுள்ள சிறு விசையை அழுத்திப் படங்களை மாற்றிக்கொண்டே, மனத்தில் உள்ளதை அந்தக் கணத்தில் சொற்களாக்க வேண்டும். முந்தைய நிகழ்ச்சி இழுத்துக்கொண்டு போனால் இவருடைய மூன்று நிமிடம் இரண்டாகக் குறையும். அப்போதும் மழை பெய்யப்போகும் இடம் விட்டுப்போகக் கூடாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வை நாள்தோறும் நொடிக் கணக்கில் செய்து பழகியவருக்கு, எழுத்தாளனுக்கு வேண்டிய திறன்களில் அரிதான ஒன்று ஏற்கெனவே கைவந்திருக்கிறது. கடினமான கலைச்சொல்லைக் கடைக்காரருக்கும் கடலோடிக்கும் புரியும் சொல்லாக மாற்றும் பழக்கமும் அப்படியே.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் 'இங்கே' என்று சொல்லும்போது கை பேசுகிறது, 'இன்றிரவு' என்று சொல்லும்போது கடிகாரம் பேசுகிறது, அஞ்ச வேண்டியதா அஞ்ச வேண்டாததா என்பதை முகம் சொல்லிவிடுகிறது. அச்சில் கையும் இல்லை, கடிகாரமும் இல்லை, முகமும் இல்லை. அவை செய்த வேலை அனைத்தையும் சொற்களே செய்தாக வேண்டும் என்பதால், பேச்சில் தேர்ந்த ஓர் அறிவிப்பாளரின் முதல் கையெழுத்துப் படி பல நேரங்களில் வெறும் பேச்சின் பதிவாகவே நின்றுவிடக்கூடும். இதைக் கடந்து வருவதற்கு நம்பகமான வழி நாளிதழ்ப் பத்தி எழுதுவது. அயர்லாந்தின் வானிலைத் துறையில் உயர் பொறுப்பில் இருந்த பிரெண்டன் மெக்வில்லியம்ஸ், 1988 முதல் 2007-இல் இறக்கும் வரை ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் 'வெதர் ஐ' என்ற பத்தியை எழுதிவந்தார். ஒரு நாள் பனிமூட்டம், மறுநாள் ஓவியத்தில் வரும் மேகம், அதற்கடுத்த நாள் போர்க்களத்தில் பெய்த மழை என்று, வானிலையை இலக்கியத்தோடும் வரலாற்றோடும் பிணைத்து அவர் எழுதியவை பின்னர் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதிய கை அது; அந்தப் பயிற்சியின் பலன் தொகுப்புகளின் நடையில் தெரிகிறது.

அதே நாட்டின் ஜோவன்னா டானலி, தொலைக்காட்சியில் வானிலை சொல்லிப் பலருக்கும் அறிமுகமானவர், 2018-இல் சிறுவர்களுக்காகப் படங்களுடன் 'தி கிரேட் ஐரிஷ் வெதர் புக்' என்ற நூலை எழுதினார். 2023-இல் வெளியான அவருடைய மற்றொரு நூல், மீனவர்களுக்காக வானொலியில் வாசிக்கப்படும் கடற்பகுதி வானிலை அறிக்கையையே பொருளாகக் கொண்டது. மாலின் ஹெட், மிசன் ஹெட் என்று அந்த அறிக்கையில் வரும் கரைமுனைகளின் பெயர்கள் அயர்லாந்து மக்களின் காதில் நெடுங்காலமாக ஒலித்துவருபவை. நாள்தோறும் வாயால் சொல்லிப் பழகிய ஊர்ப்பெயர்களை நேரில் சென்று காண்பதும், அந்த இடங்களின் கதையை எழுதுவதும், வானிலை சொல்பவர் ஒருவருக்கு இயல்பாகத் தோன்றக்கூடிய, ஆனால் பிறருக்குத் தோன்றாத திட்டமாகும்.

பிழையிலிருந்து பிறந்த நூலும் உண்டு. 1987 அக்டோபர் 15 நண்பகல் அறிக்கையில் பிபிசியின் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி வருவதாகக் கேள்விப்பட்டு ஒரு பெண் தொலைபேசியில் கேட்டதைக் குறிப்பிட்டு, கவலை வேண்டாம் என்று பார்வையாளர்களுக்குச் சொன்னார். அன்று நள்ளிரவுக்குப் பின் தெற்கு இங்கிலாந்தைத் தாக்கிய பெருங்காற்றில் பிரிட்டனில் 18 பேர் இறந்தனர், சுமார் 1.5 கோடி மரங்கள் சாய்ந்தன. ஏழு ஓக் மரங்களின் பெயரால் வழங்கும் செவன்ஓக்ஸ் என்ற ஊரில் ஆறு மரங்கள் ஒரே இரவில் விழுந்தன. தாம் குறிப்பிட்டது அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த வேறொரு சூறாவளியை என்று ஃபிஷ் பின்னாளில் பலமுறை விளக்கியும், அந்தச் சில நொடிக் காட்சி அவரோடு ஒட்டிக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2007-இல், இயன் மெக்கஸ்கில், பால் ஹட்சன் என்ற சக வானிலை அறிவிப்பாளர்களோடு சேர்ந்து பிரிட்டனின் கொடும் புயல்களைப் பற்றிய 'ஸ்டார்ம் ஃபோர்ஸ்' என்ற நூலை அவர் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு மெக்கஸ்கிலும் ஹட்சனும் 1947, 1963 ஆகிய ஆண்டுகளின் உறைபனிக் குளிர்காலங்களைப் பற்றி 'ஃப்ரோசன் இன் டைம்' என்ற நூலை எழுதியிருந்தனர். மக்கள் தங்கள் வாழ்நாளில் அனுபவித்து, ஆனால் காரணம் அறியாமல் விட்ட ஒரு பேரிடரை, காரணம் அறிந்தவர் எழுதும்போது அந்நூலுக்கு வாசகர் தேட வேண்டியதில்லை.

முன்னறிவிப்பாளரின் நூல் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை உணர்த்துவதற்கு அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரத்தை விஞ்சிய சான்று இல்லை. டெக்சஸ் மாநிலக் கரையை ஒட்டிய மணல் தீவில் அமைந்த அந்தத் துறைமுக நகரத்தில் 1900-ஆம் ஆண்டில் 37,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடியை எட்டவில்லை. அங்கே அரசு வானிலை அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் ஐசக் கிளைன். கடலோரத்தில் தடுப்புச் சுவர் வேண்டும் என்று பேச்சு எழுந்திருந்த 1891-இல், கால்வெஸ்டனுக்குப் புயலால் பெரிய ஆபத்து வர வாய்ப்பில்லை என்ற கருத்தில் உள்ளூர் நாளிதழில் அவர் கட்டுரை எழுதினார். சுவர் கட்டப்படவில்லை.

1900 செப்டம்பர் தொடக்கத்தில் கியூபாவைக் கடந்த புயல் மேற்கே டெக்சஸை நோக்கிப் போகும் என்று ஹவானாவின் பெலன் ஆய்வகத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள் கணித்தனர். வாஷிங்டனில் இருந்த அமெரிக்க வானிலை அலுவலகமோ அது வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரையை ஒட்டிச் சென்றுவிடும் என்று நம்பியது. கியூபர்கள் தேவையற்ற பீதியைக் கிளப்புகிறார்கள் என்று கருதி, அவர்களுடைய வானிலைத் தந்திகளை அரசுக் கம்பிகளில் அனுப்பத் தடையும் போட்டிருந்தது. செப்டம்பர் 8 காலையில் கிளைன் கடற்கரையில் நின்று பேரலைகளைக் கவனித்தார். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. அப்படி அடிக்கும் காற்று தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ள வேண்டும். ஆனால் காற்றை எதிர்த்துக் கடல் ஏறிக்கொண்டிருந்தது, தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. புயலின் காற்றழுத்தக் குறைவாலும் சுழற்காற்றின் உந்துதலாலும் கடல்நீர் திரண்டு உயர்ந்து கரைமீது ஏறுவதையே புயல் அலையெழுச்சி என்கிறோம். அன்று மாலைக்குள் அது 15 அடிக்கு மேல் உயர்ந்தது. கிளைனின் உறுதியான வீட்டில் ஐம்பது பேர் அளவில் அடைக்கலம் புகுந்திருந்தனர். வீடு இடிந்து நீரில் சரிந்தது. மனைவி கோரா இறந்தார், மூன்று பெண் குழந்தைகளும் தம்பி ஜோசப்பும் கிளைனும் மிதந்த மரச்சட்டங்களைப் பற்றிப் பிழைத்தனர். அந்த ஒரே இரவில் இறந்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. பிறகுதான், 1902-இல் தொடங்கி 1904-க்குள், 17 அடி உயரத் தடுப்புச் சுவரின் முதல் பகுதி எழுந்தது. நகரமும் மண் நிரப்பி உயர்த்தப்பட்டது.

இந்தப் புயலைப் பற்றி வெளிவந்த நூல்களின் வரிசை கூர்ந்து கவனிக்கத்தக்கது. கிளைன் தம் முதுமையில், 1945-இல், தன்வரலாற்றை வெளியிட்டார். அன்று காலை குதிரை வண்டியில் கடற்கரை நெடுகச் சென்று மக்களை மேட்டுப் பகுதிக்குப் போகச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் உயிரைக் காத்ததாக அதில் எழுதினார். மறு ஆண்டே தம்பி ஜோசப்பும் தம் நினைவுகளை நூலாக்கினார். அவரும் வானிலை அலுவலர்தான். அண்ணன் வீட்டை விட்டு நகரின் மையப்பகுதிக்குப் போய்விட வேண்டும் என்று தாம் அப்போதே வற்புறுத்தியதாக அவர் சொல்கிறார். ஒரே கூரையின் கீழ் நின்ற இரண்டு முன்னறிவிப்பாளர்களின் சாட்சியங்கள் இப்படி விலகி நிற்க, 1999-இல் பத்திரிகையாளர் எரிக் லார்சன் 'ஐசக்ஸ் ஸ்டார்ம்' என்ற நூலில் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்து, கிளைனின் குதிரை வண்டிக் கதையைப் பற்றி ஐயம் எழுப்பினார். தன்வரலாறு எழுதும் முன்னறிவிப்பாளர் தம்மைக் காத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. ஆனாலும் அந்தச் சகோதரர்கள் எழுதாமல் இருந்திருந்தால் லார்சனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. குறைபாடுள்ள சாட்சியம்கூட, மௌனத்தைவிட வரலாற்றுக்கு மிகப் பெரிய கொடை என்றே கருத வேண்டும்.

அதே புயலை 2015-இல் மறுபடியும் எழுதியவர் ஒரு தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர். என்பிசி நிறுவனத்தின் 'டுடே' காலை நிகழ்ச்சியில் 1996 முதல் வானிலை சொல்லி அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட ஆல் ரோக்கர், 'தி ஸ்டார்ம் ஆஃப் தி செஞ்சுரி' என்ற பெயரில் கால்வெஸ்டனின் கதையை வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் பெருமழைக்கு உடைந்த ஓர் அணை ஜான்ஸ்டவுன் நகரை அடித்துச் சென்று 2,209 பேரைக் கொன்ற நிகழ்வை 'ரூத்லெஸ் டைடு' என்ற நூலாக்கினார். அந்த அணை ஆண்ட்ரூ கார்னகி போன்ற பெருஞ்செல்வர்கள் உறுப்பினராயிருந்த மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமானது. பழுதுபார்ப்பு சரியாகச் செய்யப்படவில்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. மழையை வானம் தந்தது, சாவை மனிதர்களின் அலட்சியம் தந்தது என்ற இந்தப் பாகுபாட்டை இரண்டு நிமிட அறிக்கையில் எவரும் சொல்ல முடியாது.

ரோக்கர் வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது வானிலையியல் அன்று, ஊடகத் தொடர்பியல். முதலில் தந்தைமையைப் பற்றி 2000-இல் ஒரு நூல், பிறகு கரி அடுப்பில் இறைச்சி சுடும் சமையல் பற்றி ஒரு நூல், பின்னர் டிக் லாக்டி என்ற தேர்ந்த துப்பறியும் நாவலாசிரியரோடு இணைந்து 2009 முதல் மூன்று மர்ம நாவல்கள் என்று படிப்படியாக எழுதிப் பழகிய பிறகே பெரிய வரலாற்று நூல்களுக்கு வந்தார். இணையாசிரியரின் பெயரை அட்டையில் வெளிப்படையாகப் போடுவது நேர்மையான வழக்கம். பிரபலங்களின் நூல்கள் பலவற்றில், மறைவில் நின்று எழுதித் தருபவரின் பெயர் எங்குமே இராது. வாசகருக்கும் அந்த எழுத்தாளருக்கும் அது நியாயம் செய்வதாகாது.

வானிலையை விட்டு முற்றிலும் விலகிப் போனவர்களும் உண்டு. பிபிசியின் காலை நிகழ்ச்சியில் நீண்ட காலம் வானிலை சொன்ன ஸ்காட்லாந்துக்காரர் கரோல் கிர்க்வுட், 2021-இல் 'அண்டர் எ கிரீக் மூன்' என்ற காதல் நாவலில் தொடங்கி, வெயில் நிறைந்த மத்தியதரைக் கடல் ஊர்களைப் பின்னணியாகக் கொண்டு அடுத்தடுத்து நாவல்கள் வெளியிட்டார். நாள்தோறும் காலையில் வீட்டுக்குள் வந்த பழகிய முகம் என்பது அந்த நாவல்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் முகத்துக்காக வாங்கப்படுவது முதல் நூல் மட்டுமே. இரண்டாவதையும் மூன்றாவதையும் பதிப்பகம் கேட்டு வாங்குகிறது என்றால் அது வாசகர் திரும்பி வந்ததால்தான்.

அமெரிக்காவின் ஏபிசி நிறுவனத் தலைமை வானிலையாளர் ஜிஞ்சர் சீ 2017-இல் எழுதிய 'நேச்சுரல் டிசாஸ்டர்' வேறு வகைப்பட்டது. புயல்களைத் துரத்திச் சென்று படமெடுத்துப் புகழ்பெற்ற அவர், தம் மன அழுத்த நோயைப் பற்றியும், ஏபிசியில் வேலையில் சேர்வதற்குச் சில நாட்கள் முன்பு மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றதைப் பற்றியும் அதில் மறைக்காமல் எழுதினார். எப்போதும் சிரித்த முகத்தோடு திரையில் நிற்க வேண்டிய ஒருவர் இதை எழுத எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு சிறுவர்களுக்காக 'சேசிங் ஹெலிசிட்டி' என்ற கதைத் தொடரைத் தொடங்கினார். ஹெலிசிட்டி என்பது காற்று திருகுபோல் சுழன்றுகொண்டே முன்னேறும் தன்மையின் அளவு. சூறைச்சுழல் உருவாகுமா என்று கணிக்க வானிலையாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். கதைத்தலைவியின் பெயரையே ஹெலிசிட்டி என்று வைத்ததால், அதைப் படிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி கதையோடு சேர்த்து ஒரு கலைச்சொல்லையும் கற்றுக்கொள்கிறாள். ஏபிசி தொலைக்காட்சியின் உரிமையாளரான டிஸ்னி நிறுவனத்தின் பதிப்பகமே இந்தத் தொடரை வெளியிட்டது என்பது, நிறுவனத்தின் ஆதரவு இருந்தால் வழி எவ்வளவு எளிதாகும் என்பதைக் காட்டுகிறது.

அந்த ஆதரவு இல்லாதபோது நடப்பது வேறு. பிரான்ஸ் 2 தொலைக்காட்சியின் வானிலைப் பிரிவுத் தலைவர் பிலிப் வெர்டியே, 2015-இல் பாரிஸ் காலநிலை மாநாடு கூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, காலநிலை அறிஞர்களும் அரசியல் தலைவர்களும் உலகைத் தவறாக வழிநடத்துவதாகக் குற்றம் சாட்டும் நூலை வெளியிட்டதைத் தொடர்ந்து வேலையை இழந்தார். புவி வெப்பமடைவதைப் பற்றி அறிவியல் உலகம் திரட்டியுள்ள சான்றுகளின் முன் அவருடைய வாதம் நிற்காது. ஆனால் நிறுவனத்தின் முகமாக இருப்பவர் எழுதும் நூலில் எது அவருடைய கருத்து, எது நிறுவனத்தின் கருத்து என்ற கேள்வியை அந்த நிகழ்வு கூர்மையாக எழுப்பியது. இந்தியாவில் வானிலை ஆய்வுத் துறை அலுவலர்கள் மத்திய அரசு ஊழியர்கள் என்பதால், 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. பலரும் எண்ணுவதுபோல் அவை எழுத்துக்கு முற்றாகத் தடை போடுவதில்லை. அலுவல் பணிக்குக் குந்தகம் இல்லாமல் அவ்வப்போது இலக்கிய, கலை, அறிவியல் படைப்புகளில் ஈடுபட இடம் தருகின்றன. நூலில் உள்ளவை ஆசிரியரின் சொந்தக் கருத்துகள் என்று தெளிவுபடுத்த வேண்டும், அரசின் கொள்கையைத் தாக்கி எழுதக் கூடாது என்பவையே முக்கிய வரம்புகள். இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த பி.கே.தாஸ், பருவமழையைப் பற்றிப் பொதுவாசகருக்காக 'தி மான்சூன்ஸ்' என்ற நூலை எழுதி, அதை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது.

அச்சேறும் வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் இலக்கிய முகவர் வழியாகவே நூல்களை ஏற்கின்றன. எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசி, ஒப்பந்தம் முடித்து, வருமானத்தில் ஒரு பங்கைத் தம் ஊதியமாக எடுத்துக்கொள்பவரே இலக்கிய முகவர். கதையல்லாத நூலாக இருந்தால் முழுவதும் எழுதி முடிக்க வேண்டியதில்லை. நூலின் பொருள், அதைப் படிக்கப்போகிறவர் யார், அதே பொருளில் முன்பு வந்த நூல்களிலிருந்து இது எங்ஙனம் வேறுபடுகிறது என்பவற்றை விளக்கும் முன்வரைவோடு ஓரிரண்டு இயல்களை எழுதித் தந்தால் போதும். நாவலுக்கு முழுக் கையெழுத்துப் படியையும் கேட்பார்கள். தமிழ்ப் பதிப்புலகில் முகவர் என்ற இடைநிலை பெரும்பாலும் இல்லாததால், எழுத்தாளர் பதிப்பாளரை நேரடியாக அணுகலாம். ஒரு வார இதழில் தொடராக எழுதி, பிறகு நூலாக்குவது இங்கே நெடுங்காலமாக உள்ள வழக்கம். வாரத்துக்கு ஓர் இயல் என்ற கட்டாயம், நாள்தோறும் அறிக்கை தந்து பழகிய வானிலையாளருக்கு மிகவும் பொருந்தும்.

எந்த வழியாக இருந்தாலும் மூலப்பொருள் குறிப்பேடுதான். புயல் கரையைக் கடந்த நேரம், அளவிட்ட காற்றின் வேகம், பெய்த மழையின் அளவு ஆகியவை அலுவலக ஆவணங்களில் எப்போதும் கிடைக்கும். அந்த இரவில் இரண்டு கணினி மாதிரிகள் இரண்டு வேறு இடங்களைக் காட்டியபோது எதை நம்புவது என்று அறையில் இருந்தவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள், மாவட்ட ஆட்சியர் தொலைபேசியில் என்ன கேட்டார், மறுநாள் காலை மீனவர் ஒருவர் வந்து என்ன சொன்னார் என்பவை எந்த ஆவணத்திலும் இரா. அன்றன்று எழுதி வைக்காவிட்டால், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதிய ஐசக் கிளைனுக்கு நேர்ந்ததே நேரும்.

தமிழர்களும் வானிலை சொல்பவரை வீட்டு மனிதராகக் கொண்டாடியவர்களே. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர்.ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறையை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் உண்டு. 2015 பெருமழையின்போது மாநிலமே அவருடைய சொல்லுக்குச் செவிசாய்த்தது. 2016 மார்ச் 31 அன்று அவர் பணி ஓய்வு பெற்றது தமிழ்நாட்டில் ஒரு செய்தியாகவே பேசப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், பயணிகளோடு ரயில் ஒன்று அலையில் அழிந்ததையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்ததையும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததையும் அவற்றில் சிக்கியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த இரவுகளில் வரைபடத்தின் முன்னால் விழித்திருந்தவர்கள் சொல்வதையும் தமிழ் வாசகர் படிக்க வேண்டும். சென்னையிலும் காரைக்காலிலும் கொழும்பிலும் புயல் எச்சரிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் குறிப்பேடுகளைத் திறந்து எழுதத் தொடங்க வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர்கள் அவர்கள் வரட்டும் என்று காத்திராமல் தாங்களே தேடிச் சென்று கேட்க வேண்டும். தனுஷ்கோடிப் புயலின்போது பணியில் இருந்த இளைஞருக்கு இன்று வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.